காவிரிக்கரையில் ஒரு பகல்

எங்கள் ஊரிகத்தில் ஆறு இல்லை. சயனைடு மண்மேடுகள் உண்டு. துருவேறிய இரும்புக் கோபுரங்கள் உண்டு. வரிசை வரிசையாய்த் தகரக் கூரையிட்ட லைன் வீடுகள் உண்டு. வெள்ளையர் காலத்தில் குடிநீரைக்கூடப் பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலத்து ஏரியிலிருந்து குழாய் வழியே கொண்டுவந்தனர். தங்கவயல் அன்பர்களுக்கு இதனை நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆயினும், எங்கள் ஊருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் ஆறு நூற்றிருபது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது என்று என் தந்தையார் சொல்வார். அது கரையின் வழியே வரவில்லை. கம்பியின் வழியே வந்தது. 1902-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், சிவசமுத்திரத்து அருவியில் காவிரி விழும் விசையைக் கொண்டு மின்சாரம் எடுத்து, 92 மைல் தொலைவுக்குக் கம்பி இழுத்து, கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள். அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்தொடர்களுள் அதுவும் ஒன்று. திட்டத்திற்கு முன்னின்ற மைசூர்த் திவான் சேஷாத்திரி ஐயர், அது நிறைவேறுவதைக் காணாமலே முந்திய ஆண்டில் காலமானார். பெங்களூர் நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905-இல்தான். தலைநகரம் எண்ணெய் விளக்கில் இருந்தபோது எங்கள் ஊரின் எந்திரங்கள் காவிரியின் ஆற்றலால் சுழன்றுகொண்டிருந்தன. இதைச் சொல்லும்போதெல்லாம் என் தந்தையாரின் மார்பு சற்று நிமிரும்.

அவர் சுரங்கத்தில் கூண்டு வேலை பார்த்தவர். கூண்டில் ஆட்களை ஏற்றிக் கதவடைத்து, மணியடித்துச் சைகை கொடுப்பது அவர் பணி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அதன் அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கும் மேல். அந்த ஆழத்திலிருந்து மனிதரை மேலே தூக்குவது மின்சாரம். நான் சிறுவனாக இருந்த காலத்தில், "கரண்ட் போனா என்னப்பா ஆகும்?" என்று கேட்டிருக்கிறேன். "காவேரி வர்ற வரைக்கும் இருட்டுல நிப்போம்" என்பார். அந்நாள்களில் காவிரி என்பது ஓர் ஆறு என்பதைவிட, கூண்டைத் தூக்கும் ஒரு கை என்பதாகவே என் மனத்தில் பதிந்திருந்தது.

அத்தகையவர் காவிரியைக் கண்ணால் கண்டதே இல்லை. வட ஆற்காட்டுச் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த என் பாட்டனாரும் கண்டதில்லை. 1986-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அழைத்துச் செல்வதாக எனக்கு வாக்களித்தார். அவ்வாண்டு என் தமக்கைக்குக் காய்ச்சல் கண்டது. அடுத்த ஆண்டு கூரை ஒழுகிற்று. அதற்கடுத்த ஆண்டுகளில் வாக்கு மறந்துவிட்டது என்று இருவரும் நினைத்துக்கொண்டோம். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்போது தந்தையாருக்கு வயது 53, எனக்கு 22, பி.ஏ. தேறிக் கையில் பட்டத்தோடு நின்றேன். பின்னர்ப் போட்டித் தேர்வு எழுதி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகச் சேர்ந்தேன். அன்றுமுதல் ஊரிகத்திலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் இருட்டில் ஏறி இருட்டில் இறங்கும் ஆயிரக்கணக்கானோருள் நானும் ஒருவன். தந்தையார் இருட்டில் இறங்கி ஏறினார். நான் இருட்டில் ஏறி இறங்குகிறேன். வேறுபாடு அவ்வளவே.

முந்திய ஆண்டு கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில், வாக்களித்தவர்க்கே அவ்வாக்கை நிறைவேற்றும் பேறு எனக்கு வாய்த்தது. சிவசமுத்திரத்துக்கே செல்ல வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் நடந்தால் அவருக்கு மூச்சு இரைக்கும். அங்கே படியேறி இறங்குதல் இயலாது. சீரங்கப்பட்டணமோ ஆற்றின் நடுவே அமைந்த தீவு. இரயில் கோட்டைக்குள்ளேயே சென்று நிற்கும். இங்கே ஓடும் நீர்தான் கீழே சென்று சிவசமுத்திரத்தில் விழுகிறது என்று நான் எடுத்துரைத்தபின் இணங்கினார்.

அப்பயணத்திற்கு வேறொரு நோக்கமும் இருந்ததை இங்கே மறையாமல் ஒப்புக்கொள்கிறேன். என் மகள் இரண்டாம் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஜூன் மாதம் பெங்களூரில் கல்லூரியில் சேர வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்தை இரயிலில் கழிக்கும் வாழ்வை அவளுக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை. குடும்பத்தோடு பெங்களூருக்குக் குடிபெயர்வது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்திருந்தோம். தந்தையாரிடம் இருமுறை பேச்செடுத்தேன். இருமுறையும் அவர் எழுந்து வெளியே சென்றுவிட்டார். ஆற்றங்கரையில் மனம் இளகியிருக்கும்போது மூன்றாம் முறை கேட்கலாம் என்பது என் திட்டம்.

விடியுமுன் ஊரிகம் நிலையத்தில் ஆறு பேரும் ஏறினோம். அன்னையார் புளியஞ்சோறும் தயிர்ச்சோறும் கட்டி வந்தார். பெங்களூரில் மைசூர் வண்டிக்கு மாறினோம். மண்டியாவைக் கடந்ததும் இருபுறமும் கரும்புத் தோட்டமும் நெல்வயலும் பசுமையாய் விரிந்தன. "இவ்வளவு தண்ணி எங்கிருந்து வருது தாத்தா?" என்று என் மகன் கேட்டான். கண்ணம்பாடியில் கட்டிய கிருஷ்ணராஜசாகர் அணையின் கதையை நான் சொன்னேன். 1911-இல் விசுவேசுவரையா அதனைத் தொடங்கியபோது, வயல்களுக்குப் பாய்ச்சுவது மட்டும் நோக்கமன்று. கோடையில் ஆறு மெலிந்தால் சிவசமுத்திரத்தில் மின்சாரம் குறையும். தங்கச் சுரங்கத்து எந்திரங்கள் தளரும். அது நேராதபடி நீரைத் தேக்கிவைப்பதும் ஒரு காரணம். தந்தையார் சன்னலோரம் இருந்தபடி, "அப்ப இந்த வயலுக்கும் நாம சொந்தக்காரங்கதான்" என்றார். வண்டியில் இருந்த கன்னடப் பெரியவர் ஒருவர் அதைப் புரிந்துகொண்டு சிரித்தார்.

சீரங்கப்பட்டணத்தை நெருங்குகையில் வண்டி காவிரிப் பாலத்தின்மேல் ஏறிற்று. தந்தையார் எழுந்து நின்றுவிட்டார். பாறைகளுக்கிடையே பிரிந்து பிரிந்து ஓடும் நீரின்மேல் காலை வெயில் படிந்திருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. பாலம் முடிந்த பின்னரும் சிறிது நேரம் நின்றபடியே இருந்தார்.

முதலில் அரங்கநாதர் கோயிலுக்குச் சென்றோம். காவிரியின் தீவுகளில் பள்ளிகொண்ட அரங்கர் மூவர் என்பர். சீரங்கப்பட்டணம் ஆதியரங்கம், சிவசமுத்திரம் நடுவரங்கம், நம் திருவரங்கம் கடையரங்கம். இம்மூன்றையும் ஒரே ஆறு தொடுத்திருக்கிறது. கங்கர் காலத்தில் எழுந்து, பின்வந்தோர் பலரால் விரிவுபெற்ற கோயில் இது. ஐதர் அலியும் திப்பு சுல்தானும் தம் கோட்டைக்குள் இதனைக் காத்து நின்றனர். அன்னையார் சந்நிதியில் நெடுநேரம் கண்மூடி நின்றார். அவர் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டுமே உண்டு. தங்கவயலில் பிறந்து, தங்கம் எடுத்தவனை மணந்து, மஞ்சள் கயிற்றோடு வாழும் பெண்கள் எங்கள் ஊரில் பலர். ஆதலால் அது எனக்குப் புதிதாகத் தோன்றியதில்லை.

பின்னர் ஆட்டோ ஒன்றை அமர்த்திக்கொண்டு கோட்டையைச் சுற்றினோம். பெய்லி சிறை என்று சொல்லப்படும் நிலவறைக்குள் இறங்கினோம். தாழ்ந்த வளைகூரை; சங்கிலி பிணைப்பதற்குத் துளையிட்ட கற்கள் சுவரையொட்டி நிற்கின்றன. 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் தோற்றுச் சிறைப்பட்ட கர்னல் பெய்லி, 1782-இல் இவ்வூர்ச் சிறையிலேயே மாண்டார். பிள்ளைகள் அஞ்சிப் பேசாதிருந்தனர். தந்தையார் கூரையை அண்ணாந்து நோக்கினார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "லெவல் மாதிரிதான் இருக்குது. ஆனா காத்து நல்லா வருது" என்றார். நாங்கள் சிரித்தோம். வெளியே வந்தபின்தான் அச்சொல்லின் சுமை எனக்கு விளங்கிற்று. அரசன் பகைவனை அடைத்த இடத்தைவிடக் காற்றுக் குறைந்த இடத்துக்குச் சென்று, முப்பதாண்டுகள் இவர் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தார்.

தரியா தௌலத் என்னும் கோடை மாளிகை 1784-இல் திப்பு கட்டியது. மரத்தாலான தூண்களும், சுவர் முழுதும் வண்ண ஓவியங்களும் கொண்டது. மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போர் பெரிதாகத் தீட்டப்பட்டிருக்கிறது. நடுவே பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடித்தபடி இருப்பவர் பெய்லி என்று அங்கிருந்தவர் காட்டினார். அதே புள்ளலூரில் பல்லவன் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்வதை நான் மகளுக்குச் சொன்னேன். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயரை இங்கே கன்னட நாட்டு ஆற்றங்கரைச் சுவரில் காண்பது வியப்பாக இருந்தது.

ஊர்களுக்கு இடையேயுள்ள இத்தகைய பிணைப்பு வேறொன்றும் உண்டு. ஐதர் அலி பிறந்த பூதிக்கோட்டை எங்கள் தங்கவயலிலிருந்து சில கல் தொலைவில்தான் இருக்கிறது. 1799 மே 4-ஆம் நாள் இக்கோட்டை விழுந்து திப்பு மாண்டபின், மைசூர் நாட்டின் எல்லைகளை அளக்க ஆங்கிலேயர் ஆளனுப்பினர். அவ்வாறு வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் என்பவர்தாம், ஊரிகம் பக்கத்துச் சிற்றூர் மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுக்கும் செய்தியைக் கேள்வியுற்று, 1802-இல் ஆராய்ந்து எழுதிவைத்தார். அவ்வெழுத்தே பிற்காலத்தில் சுரங்கக்காரர்களை எங்கள் ஊருக்கு அழைத்து வந்தது. சீரங்கப்பட்டணம் விழாதிருந்தால் வாரன் வந்திருக்க மாட்டார். வாரன் வராதிருந்தால் என் பாட்டனார் வட ஆற்காட்டிலேயே ஏர் பிடித்திருப்பார். திப்பு வீழ்ந்த இடத்தைக் காட்டும் கல்லருகே நின்று இதனைச் சொன்னேன். தந்தையார் அக்கல்லைக் கூர்ந்து நோக்கினார்.

நண்பகலில் சங்கமத்தை அடைந்தோம். தீவைச் சுற்றிப் பிரிந்த காவிரி மீண்டும் ஒன்றுகூடும் இடம் அது. மரநிழலில் அமர்ந்து உண்டோம். என் மனைவி பிள்ளைகளைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு சென்றாள். தந்தையார் படியில் அமர்ந்து கால்களை நீரில் வைத்தார். இரு கைகளாலும் நீரை அள்ளினார். குடிக்கவுமில்லை, தலையில் தெளிக்கவுமில்லை. விரல்களுக்கிடையே அது வடிந்து தீரும்வரை பார்த்திருந்தார். "சில்லுனு இருக்குதுடா" என்றார். "எங்களுக்கு வரும்போது சூடா இருக்கும்."

இதுவே தருணம் என்று எண்ணினேன். ஆனால் நேராகக் கேட்க நா எழவில்லை. வழியில் கேட்ட கதை ஒன்றை அவர் நினைவுபடுத்திப் பேசலானார். "அந்த ராஜா, புள்ளைங்கள அடகு வெச்சான்னு சொன்னியே, அது என்ன?" என்றார்.

நான் விளக்கினேன். 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் திப்பு தன் நாட்டில் பாதியை இழந்தார். அதனோடு மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தருவதாக ஏற்றார். அத்தொகை தீரும்வரை தன் மைந்தர் இருவரைக் கார்ன்வாலிசிடம் பிணையாக ஒப்படைத்தார். ஏறத்தாழ பத்து வயதும் எட்டு வயதுமான சிறுவர்கள். அவர்களைச் சென்னைக்குக் கொண்டு சென்றார்கள்.

தந்தையார் நீரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "நானும் ஒண்ண அடகு வெச்சேன். உங்கம்மா சங்கிலி. மைன் மூடின வருஷம். நீ பெங்களூர்ல பரீட்சைக்குப் படிக்க" என்றார்.

எனக்குத் திகைப்பாயிற்று. சங்கிலி தமக்கையின் திருமணத்தில் போயிற்று என்றே இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தேன். நான் அன்னையாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பாத்திரங்களை ஆற்றுநீரில் கழுவிக்கொண்டிருந்தார். "அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?" என்றார், தலை நிமிராமலே.

"மீட்க முடியலடா. வட்டி ஏறிப் போச்சு. ஏலத்துல போயிடுச்சு." சற்று நிறுத்தி, "அந்தப் புள்ளைங்க திரும்பி வந்தாங்களா?" என்று கேட்டார்.

"வந்தாங்கப்பா. ரெண்டு வருஷத்துல பணம் கட்டி முடிஞ்சது. 1794-ல அனுப்பிட்டாங்க."

"வந்துட்டாங்க இல்ல? அப்ப சரி" என்றார்.

குடிபெயரும் பேச்சை நான் அன்று எடுக்கவில்லை. எடுக்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. நான் பெற்ற சம்பளமும், நான் திட்டமிடும் பெங்களூர் வாழ்வும் எதன்மேல் எழுந்தவை என்பதை அறியாமலே, அவரைப் பிடிவாதக்காரர் என்று மனைவியிடம் பலமுறை குறைகூறியிருக்கிறேன். பரிசலிலிருந்து இறங்கிய பிள்ளைகள் ஈரக் கால்களோடு ஓடி வந்தனர். மகன் ஆற்றிலிருந்து எடுத்த கூழாங்கல் ஒன்றைத் தாத்தாவிடம் கொடுத்து, "தங்கம் இருக்குதா பாருங்க" என்றான். அவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இல்ல ராஜா, வெறுங்கல்லு" என்றார். ஆயினும் அதனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாலையில் நிலையத்துக்குத் திரும்பினோம். இரயில் பாதையின் அருகே திப்புவின் படைக்கலக் கிடங்கு ஒன்று நிற்கிறது. இரட்டைப் பாதை அமைக்க அது இடையூறாக இருந்ததால், 2017-இல் அதை இடிக்காமல், ஏறத்தாழ ஆயிரம் டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை அடித்தளத்தோடு பெயர்த்து, நூறு மீட்டர் அளவுக்கு அப்பால் நகர்த்தி வைத்தார்கள். இச்செய்தியை மகள் நாளிதழில் படித்திருந்தாள். அவள் சொல்லக் கேட்ட தந்தையார் நம்பவே இல்லை. "முழுசா நகர்த்தினாங்களா? சுவர்ல விரிசல் விடலியா?" என்று இருமுறை கேட்டார். வண்டி வரும்வரை அக்கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெங்களூரில் மாரிக்குப்பம் வண்டியைப் பிடித்தோம். பிள்ளைகள் உறங்கிவிட்டனர். பங்காருப்பேட்டையைத் தாண்டி வண்டி கிளைப்பாதையில் திரும்பியது. பெட்டியில் எங்களைத் தவிரச் சிலரே இருந்தனர். இருட்டுக்கிடையே எங்கள் ஊர் விளக்குகள் தெரியத் தொடங்கின. அப்போது தந்தையார், நான் கேளாமலே சொன்னார்:

"ஜூன்ல நீங்க போங்க. பொண்ணு படிக்கட்டும். நானும் உங்கம்மாவும் இங்கியே இருக்கிறோம். ஆனா ஞாயித்துக்கிழமை வந்துடணும். அடகு வெச்ச புள்ளையே திரும்பி வந்திருக்குது."

என் மனைவி, "மாமா, நீங்களும் வந்துடுங்க" என்றாள். அவர் தலையசைத்து மறுத்தார். "என்னை நகர்த்தினா விரிசல் விட்டுடும்மா" என்றார். அவர் சிரித்தார்; நாங்களும் சிரிக்க முயன்றோம்.

இப்போது நாங்கள் பெங்களூரில் வாடகை வீடொன்றில் இருக்கிறோம். எனக்கு இரயிலில் கழிந்த ஐந்து மணி நேரம் மிச்சமாயிற்று. மகள் கல்லூரிக்கு இரண்டு தெருக்கள் நடந்து செல்கிறாள். ஞாயிறுதோறும் காலை வண்டியில் ஊரிகம் செல்கிறோம். ஊரிகம் நிலையத்து மேடையில், வேப்பமரத்தடி இருக்கையில், வண்டி வருமுன்னரே தந்தையார் அமர்ந்திருப்பார்.

ஒரே ஒரு ஞாயிறு தவறிற்று. மகளுக்கு மறுநாள் தேர்வு, மகனுக்குச் சளி. தொலைபேசியில் சொல்லிவிட்டோம். அவரும், "பரவால்ல, படிக்கட்டும்" என்றார். அடுத்த வாரம் சென்றபோது அன்னையார் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கும் நிலையத்துக்குப் போனாராம், மாலை வண்டிக்கும் போனாராம். இரவு கடைசி வண்டி வந்து, ஆட்கள் எல்லாரும் இறங்கிப் போன பின்னரே வீடு திரும்பினாராம்.

அதன்பின் இன்றுவரை ஒரு ஞாயிறும் தவறவில்லை. சட்டைப்பையில் இருந்த கூழாங்கல், இப்போது அவர் வீட்டுச் சாமிப்படத்தின் கீழே இருக்கிறது.